என் எதிர்காலத்தைக் காலி செய்த ஒத்திகை

இனி எந்த ஆபத்து வந்தாலும் பதறுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் தீர்மானம் எடுத்தேன். பல் துலக்கும்போது எடுத்தது. என் பெரிய தீர்மானங்கள் எல்லாம் வாயில் நுரை இருக்கும்போது பிறந்தவைதான். அந்த நேரத்தில் மனைவி குறுக்குக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லவேண்டியதில்லை, பாருங்கள்.

காரணம் இல்லாமல் எடுக்கவில்லை. சொல்கிறேன், உம் கொட்டிக்கொண்டே கேளுங்கள்.

முந்தின நாள் எதிர்க் கட்டடத்தில் சின்னதாக ஒரு தீ. யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைத் திரை கருகியதோடு சரி. ஆனால் புகையைக் கண்டு மொத்தக் கட்டடமும் தெருவுக்கு ஓடி வந்தது. நான் பால்கனியில் நின்று பார்த்தேன். ஒருவர் டிவி ரிமோட்டைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார். டிவி உள்ளே. ஒரு அம்மாள் துடைப்பத்தை மார்போடு அணைத்திருந்தார். ஒரு மாப்பிள்ளை, மாமியாரின் மூக்குக்கண்ணாடியைப் பத்திரமாக எடுத்து வந்துவிட்டார். மாமியார் மட்டும் உள்ளேயே நின்று கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மனிதர்கள் பதறுவதைப் பார்ப்பது எனக்குப் பிழைப்பு. நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் பள்ளியின் காரில் என் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் இருப்பவர் எங்கே கொண்டுபோய் முட்டினாலும் நான் ஒரு மிதி மிதித்து நிறுத்திவிடுவேன். அந்த வசதி வீட்டில் இல்லை. என் வாழ்க்கையின் அடிப்படைக் குறையே அதுதான்.

இப்போது பின்னறை விவகாரத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு பின்னறை. பின்னறையில்தான் பெரிய ஜன்னலும் நல்ல வெளிச்சமும். அதில் என் எதிர்காலத்தை வைத்திருந்தேன். இரண்டு கம்பி மிச்சமிருக்கும் ஒரு கிடார். நட்சத்திரம் பார்க்க ஒரு தொலைநோக்கி. பிரெஞ்சு பேசக் கற்றுத்தரும் புத்தகங்கள். அதிகாலையில் எழுவது எப்படி என்ற புத்தகம். மதியத் தூக்கத்துக்கு அதைவிடத் தோதான தலையணை கிடையாது. நடுவில் ஓடுகிற மெஷின். எவ்வளவு ஓடினாலும் வீட்டை விட்டு வெளியே போகமுடியாத ஓட்டம். தற்போது அதில் துணி காய்கிறது.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் நான் ஆகப்போகிற அத்தனை பேரும் அங்கே வரிசையாக நிற்பார்கள். அந்த அறை போய்விட்டால் நான் இப்போது இருக்கிற ஆளாகவே இருந்துவிட வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

என் மனைவிக்கு நன்றாக வந்தது. அவள் தையல்காரி. சாப்பாட்டு மேஜையை அவளுடைய தையல் மெஷின் பிடித்துக்கொண்டதால் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். சோற்றில் கல் கிடப்பது எல்லார் வீட்டிலும் நடக்கும். எங்கள் வீட்டில் குண்டூசி.

அன்று அவள் பின்னறை வாசலில் நின்றாள்.

"இவங்கல்லாம் யாருங்க?"

"எவங்க?"

"இங்க குடியிருக்கிறவங்க. கிடார் வாசிக்கிறவர் ஒருத்தர். ஓட்டக்காரர் ஒருத்தர். நட்சத்திரம் பாக்கிறவர் ஒருத்தர். பிரெஞ்சு பேசறவர் ஒருத்தர். இவங்க யாரையும் நான் கட்டிக்கிட்ட ஞாபகம் இல்லையே?"

"அது எல்லாமே நான்தான். வரப்போற நான்."

"வந்ததும் சொல்லுங்க, டீ போட்டு வைக்கிறேன். அதுவரைக்கும் ரூம் எனக்கு வேணும். டாக்டர் கிளினிக்குக்கு அத்தனை திரை தைக்கணும். துணியை விரிக்க இடம் எங்க இருக்கு? நேத்து நாற்காலியில கிடந்த உங்க சட்டைக் கையையும் சேர்த்துத் தைச்சுட்டேன்."

"அதான் காலையில சட்டையை இழுத்தா திரையும் கூடவே வந்துதா!"

"திரைக்குக் கை வெச்ச பெருமை எனக்கு. ரூமைக் குடுங்க."

டாக்டர் என்றால் எங்களுக்கு நேர் எதிர்க் கதவில் இருக்கும் பல் டாக்டர். வயதானவர், நல்ல மனிதர், ஆனால் ஓயாமல் பேசுவார். அவர் தொழில் அப்படி. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பேசி, எதிராளி பதில் சொல்வான் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. எதிர்க் கட்டடத்துத் தீயும் எங்கள் வீட்டுச் சண்டையும் என் மூளையில் உரசிக்கொண்டன. பொறி பறந்தது. உடனே டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, மனித சுபாவத்தைப் பற்றிய என் கண்டுபிடிப்பை வெளியிட்டேன்.

"ஆபத்து வர்ற நேரத்துல கை எதை எடுக்குதோ, அதுதான் மனசுக்கு நிஜமா வேண்டியது. உள்ள விட்டுட்டு வர்றது பூராவும் குப்பை."

"அடேயப்பா! உண்மைதான் தம்பி. ஒருத்தர் பல்லு செட்டை விட்டுட்டு—"

"டாக்டர், ஒரு நிமிஷம். அதனால நம்ம வீட்டுல ஓர் ஒத்திகை. கரண்டியால தட்டைத் தட்டற சத்தம் கேட்டதும் தீப்பிடிச்ச மாதிரி நெனச்சுக்கணும். கைக்கு வந்ததை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கீழ வாசலுக்கு ஓடணும். யாரு சாமான் வெளிய வருதோ, பின்னறை அவங்களுக்கு. என்ன சொல்ற?"

இதில் இருந்த சூழ்ச்சியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவளுடைய தையல் மெஷின் வார்ப்பிரும்பு. இரும்பில் பிறந்த கன்றுக்குட்டி. அவளால் அதை மேஜையிலிருந்து நகர்த்தவே முடியாது, தூக்குவது எங்கே? என் கிடாரோ ஒற்றைக் கையில் வரும். ஓடுகிற மெஷினை விட்டுத் தொலைக்க நான் தயார். அது எனக்குச் செய்த துரோகம் போதும்.

அவள் தன் மெஷினை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "சரிங்க," என்றாள்.

சண்டை போடாமல் அவள் 'சரிங்க' சொன்னால் அது மழைக்கு முன்னால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி. அறிவுள்ளவன் குடையை எடுப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"தட்டை யாரு தட்டறது?" என்றாள்.

"நான்தான். என் ஒத்திகை."

"நீங்களே தட்டி நீங்களே ஓடறதா? கண்ணாடி முன்னாடி நின்னு கண்ணாமூச்சி ஆடற மாதிரி இருக்கு. ஆபத்து என்ன, உங்க கிட்ட நேரம் கேட்டுக்கிட்டா வரும்?"

"பொண்ணு சொல்றதுதான் நியாயம்," என்றார் டாக்டர். "பூனைக்கு மணி கட்ட நான் தயார். எனக்குத் தோணின நேரத்துல வந்து தட்டறேன்."

தட்டையும் கரண்டியையும் அவளே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அந்தத் திரைகள் யாருடைய கிளினிக்குக்கு என்பதை நான் அந்த இடத்தில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! கிடார், தொலைநோக்கி, பிரெஞ்சுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிடும்போது ஒரு கண் மூட்டை மேல். தூங்கும்போது ஒரு காது வாசல் மேல். மாடியில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். நான் மூட்டையோடு தெரு வாசலில் நின்றேன். வாசல் காவலாளி மரியாதையாக எழுந்து, "ஊருக்கா சார்? அம்மா வரலையா?" என்றார். வேலை நேரத்திலும் நிம்மதி இல்லை. சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்தார். நான் என் பிரேக்கை மிதித்தேன். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஸ்டியரிங்கை மூக்கால் தொட்டுவிட்டு, "இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டார்.

என் மனைவியோ எதற்கும் அசையவில்லை. அவள் பாட்டுக்கு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ தயாராகலையா?" என்றேன்.

"எதுக்கு?"

"ஆபத்துக்கு!"

"உங்களைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே ஆகிட்டேன்."

சத்தம் வந்தது ஒரு காலை வேளையில். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பேன்ட்டுக்குள் ஒரு கால் போயிருந்தது. இன்னொரு கால் யோசித்துக்கொண்டிருந்தது. வெளியே, டாக்டர் தட்டை அடித்த அடியில் கட்டடத்தில் எல்லாருக்கும் பல் கூசியிருக்கும்.

நான் பதறவில்லை. மூட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நேராக அதை நோக்கித்தான் பாய்ந்தேன். அப்போது கூடத்திலிருந்து ஒரு குரல்.

"என்னங்க! மெஷின்! மெஷினை எடுங்க! சீக்கிரம்!"

பதறின மனசு யோசிக்காது, பக்கத்தில் கத்துகிற குரலுக்குக் கட்டுப்படும். என் பிழைப்பே அதை நம்பித்தான் நடக்கிறது. 'இடது பக்கம் திருப்புங்க' என்று நான் கத்தினால் எப்படிப்பட்ட அதிகாரியும் திருப்பிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் குரலோ அவளுடையது. என் கால் திரும்பியது. கை நீண்டது. இரும்புக் கன்றுக்குட்டியை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் ஏதோ வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"இது யாருடா வழியில போட்டது!" என்று எட்டி உதைத்தேன்.

'டொய்ங்' என்றது மூட்டை.

கீழே போய்ச் சேர்ந்தபோதுதான் புத்தி வந்தது. இரண்டு கையிலும் தையல் மெஷின். ஒரு காலில் பேன்ட், இன்னொரு பாதி பேன்ட் தரையைப் பெருக்கிக்கொண்டு. நல்லவேளை, உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. தட்டுச் சத்தத்துக்கு மொத்தக் கட்டடமும் படிக்கட்டில் கூடிவிட்டது. டாக்டர் கரண்டியோடு வந்து நின்றார்.

"தம்பி கையில என்ன?"

எல்லாருக்கும் தெரிந்தது. கீழ்வீட்டு அக்கா மட்டும் உதவியாக, "தையல் மெஷின்," என்றார்.

"அப்போ மனசுக்கு நிஜமா வேண்டியது..." என்று டாக்டர் இழுத்தார்.

"செல்லாது!" என்று கத்தினேன். மெஷினைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. "அவ எடுக்கச் சொல்லிக் கத்தினா. நான் எடுத்துட்டேன். அது என் கை இல்ல, அவ வாய்!"

"ஏம்மா, கத்தினியா?"

"வீடு தீப்பிடிச்சா பின்ன பாட்டா பாடுவாங்க, டாக்டர்?"

"கத்தக் கூடாதுன்னு தம்பி விதியில சொல்லலை. ஆனா... தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கே." டாக்டர் தாடையைத் தடவினார். எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று தெரியாமல் நிற்பவர் முகம். திரை ஒரு பக்கம், மனசாட்சி ஒரு பக்கம்.

எனக்கு உயிர் வந்தது. இதுதான் சமயம் என்று அவள் கைகளைப் பார்த்தேன். காலி. ஒரு குண்டூசிகூட இல்லை.

"எல்லாரும் பாருங்க! விதிப்படி அவங்கவங்க வேண்டியதை எடுத்துட்டு வரணும். இவ என்ன எடுத்துட்டு வந்தா? வெறுங்கை! ஒண்ணுமே எடுக்காதவளுக்கு ரூம் எப்படி?"

"யாரு சொன்னது ஒண்ணுமே எடுக்கலைன்னு?" என்றாள் மெதுவாக. "எனக்கு ரொம்ப வேண்டியதைத்தான் முதல்ல வெளிய கொண்டுவந்தேன்."

"எது? எங்க?"

"நீங்கதான்."

படிக்கட்டு முழுவதும் 'அடடா' என்றது. கீழ்வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

இத்தனை நாளும் கிடார்காரன், ஓட்டக்காரன், பிரெஞ்சுக்காரன் என்று எவனெவனையோ கட்டிக்கொண்டு அழுதேன். இவளோ, ஒரு காலில் பேன்ட்டோடு நிற்கிற இந்த ஆளை, இப்போது இருக்கிற இந்த ஆளையே, நெருப்பிலிருந்து முதலில் காப்பாற்றியிருக்கிறாள். இவளுக்கு ஓர் அறையை விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவேன்?

"ரூம் உனக்குத்தான்," என்றேன். "இத்தனை பேரு சாட்சி. இன்னிக்கே காலி பண்ணிடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், மனசைத் தொட்டுச் சொல்லு. அத்தனையும் இருக்க, என்னையா எடுக்கத் தோணிச்சு உனக்கு?"

"பின்ன?" என்றாள், எனக்கு முன்னால் படியேறிக்கொண்டே. "உங்களை உள்ள விட்டுட்டா, மெஷினைத் திரும்ப ரெண்டு மாடி யாரு தூக்கிட்டு வர்றது?"