நடுக்கட்டத்தில் ஒரு கணவர்

வீட்டில் ஒரு அறை காலியானது. மச்சினன் வேலை மாற்றலாகிப் பெட்டி படுக்கையோடு வண்டியேறிய மறுநிமிடமே நம்மாள் தீர்மானித்துவிட்டார். இனி அந்த அறை தன்னுடைய ஆபீஸ். கதவு, ஜன்னல், கடகடவென்று சத்தம் போடுகிற மின்விசிறி, சுவரில் மச்சினன் அடித்துவிட்டுப் போன ஆணிகள் உட்பட சகலமும் தனக்கே. இதை மனைவியிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. சரித்திரத்தில் எத்தனையோ பெரிய தீர்மானங்கள் இந்த இடத்தில்தான் நின்றிருக்கின்றன.

நம்மாள் செய்வது மென்பொருள். கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்து, யாருக்குக் கீழே யார், எதற்குப் பிறகு எது என்று கம்ப்யூட்டரில் படம் வரைய உதவும் மென்பொருள். ஆபீஸ் கூட்டங்களில் சுவரில் காட்டுவார்கள், எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டுவார்களே, அந்தப் படம்தான். பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார். இன்னும் முடியவில்லை. ஆனால் "முடியவில்லை" என்று சொல்லிவிடக் கூடாது, மூக்குக்கு மேல் கோபம் வரும். "பீட்டா" என்று சொல்ல வேண்டும். அதாவது வெள்ளோட்டம். நாலு பேர் வாங்கி ஓட்டிப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று எழுதுவார்கள். இவர் அதைச் சரிசெய்து, வேறு இடத்தில் இடிக்கிற மாதிரி அடுத்த பீட்டாவை விடுவார். மாமியார் மகளுக்குப் போன் செய்தால் முதல் கேள்வியே, "மாப்பிள்ளை இன்னும் பீட்டாவிலதான் இருக்காரா?" என்பதுதான்.

இந்த மகத்தான பணி நடப்பது சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரத்தில். மனைவிக்குத் தொழில் திரைச்சீலை தைப்பது. அவள் தையல் மெஷின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. துணிச் சுருள்கள் கட்டிலில் படுக்கும். நம்மாள் மிச்சமுள்ள இடத்தில் படுப்பார்.

"ஏம்மா, அந்த ரூம் இருக்கில்ல..." என்று ஆரம்பித்தார்.

"நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேங்க. மெஷினை ஜன்னல் ஓரமாப் போட்டா வெளிச்சம் நல்லா வரும்."

"எந்த மெஷினை?"

"நம்ம வீட்ல உழைக்கிற மெஷின் ஒண்ணுதானே இருக்கு."

"அப்ப என் ஆபீஸ்?"

"மேஜைதான் இருக்கே. சாப்பிடறதுக்கும் பக்கம்."

நம்மாளுக்குச் சுருக்கென்றது. நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தக் குடும்பத்தில நடுநாயகமா இருக்கறது யாரு, அதைச் சொல்லு முதல்ல!"

"யாரு?" என்றாள் அவள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு.

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று விஞ்ஞானத்தைக் கூப்பிட்டார். இந்தத் தடவை பீட்டாவில் ஒரு புதுப் பொத்தான் வைத்திருந்தார். 'தானாக அடுக்கு' என்று பெயர். நாம் கட்டங்களை எப்படி இறைத்து வைத்திருந்தாலும் சரி, அதை அமுக்கினால் எந்தக் கட்டத்துக்கு அதிகக் கோடு வருகிறதோ அதைப் பெரிதாக்கி நடுவில் உட்கார வைக்கும். கோடு குறையக் குறையக் கட்டம் சின்னதாகி ஓரத்துக்குப் போகும்.

"வீட்டைப் படமா வரையறேன். ஆளுக்கு ஒரு கட்டம், வேலைக்கு ஒரு கட்டம். யாரு நடுவில வர்றாங்களோ அவங்களுக்கு ரூம்."

"கம்ப்யூட்டர் நீங்க வளர்த்த பிள்ளை. உங்க பக்கம்தானே பேசும்?"

"அதுக்கு ஓரவஞ்சனை தெரியாது. கோட்டை எண்ணும், அவ்வளவுதான்."

"சரி. அது சொல்றதுதான் முடிவு. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"நான் என்னைக்கு மாத்திப் பேசியிருக்கேன்?"

அவள் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். அவளுக்குத் தைக்க வேண்டிய துணி நிறைய இருந்தது.

நம்மாள் வெற்றி நிச்சயம் என்ற தைரியத்தில் நேர்மையாகவே வரைந்தார். பால், மளிகை, துணி துவைக்கிற வாஷிங் மெஷின், மின்சாரக் கட்டணம், மாமியாரின் ஆஸ்பத்திரி என்று கட்டம் கட்டமாகப் போட்டுக் கோடு இழுத்துப் பொத்தானை அமுக்கினார். கட்டங்கள் எறும்பு மாதிரி ஓடி ஓடி இடம் பிடித்தன. நடுவில் மனைவி. திரையில் பாதி அவள்தான். பக்கத்தில் வாஷிங் மெஷின், அதுவும் நல்ல வாட்டசாட்டமாக. வலது கீழ் மூலையில் ஒரு பொட்டுக் கட்டம். அதிலிருந்து ஒரே ஒரு கோடு 'சாப்பாடு' என்ற கட்டத்துக்குப் போனது.

"அந்த மூலையில இருக்கறது யாருங்க?"

"அது... அது ஒரு கோளாறு. பீட்டாவில இதெல்லாம் சகஜம்."

"எது, நீங்க மூலையில இருக்கறதா?"

நம்மாள் லேப்டாப்பை மூடிக்கொண்டு மாடிக்குப் போனார். மாடி வீட்டு ஆடிட்டர்தான் அவருடைய மென்பொருளுக்கு மூத்த வெள்ளோட்டக்காரர். ஒவ்வொரு பீட்டாவையும் வரி ஏய்ப்பு வழக்கு மாதிரி துருவிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பவர்.

"சார், அந்தப் புதுப் பொத்தான் தப்பா வேலை செய்யுது சார்."

"யாருய்யா சொன்னது? நீங்க இத்தனை வருஷத்தில செஞ்சதிலேயே உருப்படியா வேலை செய்யறது அது ஒண்ணுதான். நான் என் ஆபீஸை வரைஞ்சு பார்த்தேன். நடுவில யாரு வந்தாங்க தெரியுமா?"

"நீங்கதான் சார்."

"எங்க டைப்பிஸ்ட் அம்மா! நான் ஜெராக்ஸ் மெஷினுக்குக் கீழே கிடக்கேன். உடனே படத்தை அழிச்சுட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு மனுஷனா தெரியும்? கோடுதானே தெரியும். கோடு இருந்தா ராஜா. இல்லேன்னா மூலை."

நம்மாள் மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. கோடு! கோடு இழுப்பதற்கு வேலை செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? செய்வதாகச் சொன்னால் போதாதா? படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். சாட்சிக்கு ஆடிட்டரையும் கையோடு இழுத்து வந்தார்.

"கோளாறு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன்மா. தகவல் சரியாக் குடுக்கலை. இந்த வீட்ல நான் செய்யற வேலையெல்லாம் விட்டுப்போச்சு."

"அப்படியா? எந்த வேலைங்க?"

"இப்ப, பால். தினம் பால் வாங்கறது யாரு? நான்."

மனைவியின் கையில் ஊசி அப்படியே நின்றது. நம்மாள் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு தடவை பால் வாங்கப் போயிருக்கிறார். அன்றைக்கும் தயிர் பாக்கெட்டோடு திரும்பி வந்தார். அவள் அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு சாந்தம் படர்ந்தது.

"ஆமாங்க, நீங்கதான். என் ஞாபகமறதியைப் பாருங்க. போட்டுக்கோங்க."

இவ்வளவு சுலபமா! நம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"மளிகை?"

"சந்தேகமென்ன, நீங்கதான்."

"துணி துவைக்கறது?"

"மெஷின்ல போடறதும் நீங்க, எடுத்துக் காயப் போடறதும் நீங்க. ரெண்டு கோடாப் போடுங்க, ஏன் விடறீங்க?"

கோடு இழுக்க இழுக்க அவளே எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தாள். "குப்பை கொண்டு போடறதை விட்டுட்டீங்களே. தண்ணித் தொட்டி கழுவறது? ஒட்டடை? பாத்ரூம்?"

பாத்ரூமில் நம்மாள் கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு கோடு கூடக் கிடைக்கும்ங்க," என்று அவள் உற்சாகப்படுத்தினாள்.

"போடு!" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டார்.

"அப்புறம் எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது."

"அது... நீதானே போவே?"

"நான் எங்கங்க போறேன், எனக்குத் தையலுக்கே நேரம் சரியா இருக்கு. வேண்டாம்னா விடுங்க, என் கட்டத்துக்கு இழுத்துக்கறேன்."

கைக்கு வந்த கோட்டை எதிரிக்கு விட்டுக்கொடுக்கவா? நம்மாள் அவசர அவசரமாக மாமியாரையும் இழுத்துத் தன்னோடு முடிச்சுப் போட்டார். அமுக்கினார். கட்டங்கள் ஓடின. திரை முழுக்க அவர்தான், சுற்றிலும் கோடு கோடாக. மனைவி ஒரு மூலையில், 'தையல்' என்ற ஒற்றைக் கோட்டோடு ஒதுங்கியிருந்தாள்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சார், உங்களை என்னமோன்னு நினைச்சேன். இவ்வளவுமா செய்யறீங்க?"

"வெளியில சொல்ல மாட்டார் சார். அடக்கம்," என்றாள் மனைவி. "என்னங்க, எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு. இதை ஒரு காகிதத்தில எடுத்துக் குடுங்க. எங்கம்மாவுக்கும் போன்ல அனுப்பிடுங்க."

படம் பிரிட்ஜ் கதவில் ஏறியது. நம்மாள் அன்று மாலை முழுக்க டேப்பை வைத்துக்கொண்டு அந்த அறையை நீளம், அகலம், குறுக்கு என்று அளந்து தீர்த்தார். ஒரு பழைய மேஜையையும் நாற்காலியையும் உள்ளே தள்ளி, கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்து பார்த்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் கடைசி.

மறுநாள் விடிந்ததும், "என்னங்க, பால்," என்ற குரல் கேட்டது.

"எனக்கு வேண்டாம்," என்று புரண்டு படுத்தார்.

"குடிக்க இல்லீங்க. வாங்க."

"நானா?"

"கோடு இருக்கே."

கோடு இருந்தது. மறுக்க முடியாது, அவரே போட்ட கோடு. பால் வாங்கி வந்தால் குப்பை நின்றது. குப்பை போட்டு வந்தால் மெஷின் கீச்சென்று கத்தியது. துணியைக் காயப் போட்டுவிட்டு அறைப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தால், "தொட்டி கழுவற நாளாச்சேங்க" என்று அசரீரி கேட்டது. இடையில் அவர், "அது சும்மா கணக்குக்காக..." என்று இழுத்துப் பார்த்தார். "கம்ப்யூட்டர் சொல்றதுதான் முடிவுன்னு சொன்னீங்களே," என்று அவள் வருத்தப்பட்டாள். மாமியார் போனில் தழுதழுத்தார். "படத்தைப் பார்த்தேன் மாப்பிள்ளை. கண்ணு கலங்கிடுச்சு. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கணும், சீக்கிரம் வந்துடுங்க." ஆடிட்டர் மாடிப்படியில் வழிமறித்தார். "யோவ், அந்தப் படத்தை உங்க வீட்டம்மா என் வீட்டம்மாகிட்டக் காட்டிட்டாங்க. நான் இப்ப ஒட்டடை அடிச்சுட்டு வரேன். நல்லா இருங்க!"

அடுத்த பீட்டா எப்போது வரும் என்று கேட்டு வெள்ளோட்டக்காரர்கள் எழுதினார்கள். நம்மாள் கையில் சோப்பு நுரையோடு, 'விரைவில்' என்று பதில் தட்டினார்.

வியாழக்கிழமை மாமியாரை ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, மறுபடி ஆஸ்பத்திரி என்று சுற்றிக்காட்டி வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். அறைக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம் வந்தது. ஜன்னல் ஓரம் தையல் மெஷின். வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்தது. அவருடைய மேஜை மேல் ஒரு கல்யாண மண்டபத்துக்கே போதுமான திரைச்சீலை மடித்து அடுக்கியிருந்தது.

"என்னம்மா இது? ரூம் எனக்குன்னு முடிவாச்சே?"

"உங்களுதுதாங்க. யாரு இல்லேன்னா? சும்மா பூட்டிக் கிடக்கேன்னு உக்கார்ந்தேன். நீங்க வேலை செய்ய வந்தா நான் எழுந்துக்கறேன்."

"இதோ வந்துட்டேனே!"

"வாங்க, வாங்க. மேலே தொட்டி வழியற சத்தம் கேக்குது, அதை மட்டும் நிறுத்திட்டு வந்துடுங்க."

தொட்டியின் பக்கத்தில் நின்றபோது நம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் ஒரு அறையைப் பறிகொடுத்தாயிற்று. அதுவும் ஜெயித்து! ஆனால் மென்பொருள்காரன் அவ்வளவு லேசில் அடங்குகிற ஜாதி இல்லை. செய்தவனே அதை மாற்றவும் முடியுமே! வாஷிங் மெஷின் சுற்றுகிற நேரத்திலும் பால் காய்கிற நேரத்திலும் சமையல்கட்டு ஓரமாக நின்றபடியே தட்டித் தட்டி, வரலாற்றிலேயே முதல் தடவையாக, 'விரைவில்' என்று சொன்னபடி விரைவிலேயே ஒரு புது பீட்டாவை முடித்துவிட்டார். அதில் 'தானாக அடுக்கு' பொத்தான் கிடையாது. பழைய பீட்டாவில் போட்ட எந்தப் படமும் அதில் திறக்காது. முடித்த சூட்டோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய் நின்றார்.

"இந்தா பாரும்மா. அன்னைக்குப் பார்த்தது வெறும் வெள்ளோட்டம். பீட்டாவில வந்ததையெல்லாம் முடிவுன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அதில ஏகப்பட்ட கோளாறு. இப்பப் புதுசு வந்தாச்சு. பழைய கோடு எதுவும் செல்லாது. எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். என்ன, அப்டேட் பண்ணிடட்டுமா?"

மனைவி மெஷினை நிறுத்தினாள். பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தாள். பிறகு நிதானமாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பில் துண்டு, தோளில் துடைக்கிற துணி, ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் கரண்டி.

"எதுக்குங்க அப்டேட்டு? இப்ப இருக்கறதே நல்லா வேலை செய்யுதே."