மேலுதட்டுக்கு ஒரு உரு

என் அப்பாவின் மேலுதட்டை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அம்மாவே பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான். கல்யாண ஆல்பத்திலேயே அதன் மேல் ஒரு மீசை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த மீசைக்கு அடியில் இருப்பது உதடு இல்லை, பென்சிலால் இழுத்த ஒரு கோடு என்பது எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் அதே கோடுதான் மகளான எனக்கும் வந்திருக்கிறது. மீசை மட்டும் வரவில்லை.

இருபத்துமூன்று வயது வரை அந்தக் கோட்டோடு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். என் அக்கா சங்கரிக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவான அன்றைக்குத்தான் அது உறுத்த ஆரம்பித்தது. (கல்யாணப் பொண்ணு அவ. உதட்டைப் பத்திக் கவலைப்பட்டது நான். கதை எங்க போய் நிக்கும்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.)

மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கையில் போனும் வீட்டில் வைஃபையுமாக இருந்த காலம் அது. ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று வீடியோ பார்த்தால் நான்காவதை நானே எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிடும். அப்படித்தான் ஃபில்லர் ஊசி என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு ஜெல்லை உதட்டுக்குள் ஏற்றினால் உதடு பூரித்து நிற்குமாம். ஆர்டர் போட்டேன். வந்த பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்தால் கொரியா மாதிரி இருந்தது. கொரியா என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நானே ஆய்வு செய்து முடிவுக்கு வந்தேன்.

குத்துவதற்கு ஆள் வேண்டும். எங்கள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில் பார்லர் வைத்திருக்கும் மாரியக்கா, மதுரையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். மாட்டியதோடு சரி. ஒரு உதட்டையும் தொட்டதில்லை.

"ஏ பிள்ளே, எனக்குப் புருவம்னா கண்ணை மூடிட்டு எடுப்பேன். இது வேண்டாம்" என்றாள்.

"புருவத்தைக் கண்ணை மூடிட்டா எடுக்கிய?"

"பேச்சுக்குச் சொல்லுதேன். வகுப்புல எலுமிச்சம்பழத்துலதான் குத்தச் சொன்னாவ. நானும் புளியங்குடியில இருந்து ஒரு கிலோ வாங்கிட்டு வந்து வீட்டுல குத்திப் பாத்தேன்."

"எப்படி வந்துச்சு?"

"நல்லாத்தான் வந்துச்சு. மறுநாள் ஊறுகா போட்டுட்டேன்."

ஒரு கிலோ எலுமிச்சம்பழம் என்பது எனக்குப் பெரிய அனுபவமாகப் பட்டது. மாரியக்காவைப் பேசிப் பேசியே கரைத்தேன். முதலில் எனக்கு, நன்றாக இருந்தால் கல்யாணப் பெண்ணுக்கு, அப்புறம் ஊரே உங்கள் சந்தில்தான் நிற்கும் என்றேன். சங்கரிக்கும் அரை மனது இருந்தது. "நீ போட்டுட்டு வா, பாப்போம்" என்று சொல்லியிருந்தாள். அவள் எப்போதும் புத்திசாலி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊசி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

முதல் குத்தில் கண்ணீர் வந்தது. அது சாதாரணம் என்று வீடியோவில் சொன்னார்கள். இரண்டாவது குத்தில், உதட்டின் இடது ஓரத்திலிருந்து மூக்குவரை கம்பியைக் காய்ச்சி இழுத்ததுபோல் ஒரு வலி. மாரியக்கா கையை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கு."

"அழகா வெளுத்திருக்கா?"

அவள் ஐஸ்கட்டி எடுக்கப் போனாள். போகும்போது சுவரில் இருந்த சான்றிதழை அவள் ஏறிட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஆனாலும் பயப்படவில்லை. பயப்படுவதற்கு முன் போனில் தேடினேன். "வீக்கம் இரண்டு நாளில் வடியும்" என்று இருந்தது. எனக்குத் தேவையான வரி கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். (படிச்ச பிள்ளைக செய்யுத வேலை இது.)

மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அறைக்குள் போய்க் கழற்றிப் பார்த்தால், வீங்கியிருந்த உதட்டின் இடதுபக்கம் சுண்ணாம்பு தடவியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்குள் நாவல்பழ நிறத்தில் வலை வலையாகக் கோடுகள் ஓடின. தொட்டால் சில்லென்றிருந்தது. வலி குறையவில்லை.

இந்த இடத்தில்தான் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பூஜை மாடத்தில் கோயில் புற்றுமண் இருந்தது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும். சிரங்கோ தேமலோ வந்தால் அம்மா அதைக் குழைத்துப் பூசுவாள். "மண்ணுல எத்தனை கோடி பாக்டீரியா இருக்கு தெரியுமாம்மா" என்று மூன்று வருடம் அவளுக்கு வகுப்பு எடுத்தவள் நான். அதே நான், கதவைத் தாழிட்டு, அந்த மண்ணைத் தண்ணீரில் குழைத்து, ஊசி குத்திய பச்சைப் புண் மேலேயே அப்பினேன். அப்பிக்கொண்டே, கோமதித் தாயே, உன் பேர்தானே எனக்கும் வைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள் என்று வேறு சொன்னேன்.

அம்மா கதவைத் தட்டினாள். திறந்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். புறங்கையை உதட்டின் மேல் வைத்தாள்.

"எப்ப குத்துனே?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும். வீக்கந்தாம்மா. ரெண்டு நாள்ல..."

"வீக்கம்னா செவக்கும், சுடும். இது குளுந்து கெடக்கு." அம்மா குருவிகுளம் பக்கம் ஆடுகளோடு வளர்ந்தவள். "ஆட்டுக்குக் காலுல கயிறு இறுகுனா இப்படித்தான் மொதல்ல வெளுக்கும், அப்புறம் நீலம் பாயும். அவுக்கலைன்னா கால் போயிரும். உன் வாயில எங்கனயோ கயிறு இறுகிருக்கு."

கால் போயிரும் என்ற வார்த்தையை உதட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். அப்போதுதான் முதல்முறையாகப் பயந்து அழுதேன். அழுதுகொண்டே மாரியக்கா குத்தியதையும் சொன்னேன்.

அப்பா வாடகைக் கார் பிடித்துவந்தார். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். போய்ச் சேரும்வரை மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். அம்மா, குத்திய ஊசி, மருந்துக் குப்பி, பெட்டி எல்லாவற்றையும் மாரியக்காவோடு சேர்த்து அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மாரியக்கா வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு, "எலுமிச்சம்பழத்துல ரத்தக்குழாய் இல்லையே பிள்ளே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

தோல் டாக்டரம்மா கடையநல்லூர்க்காரர். விரலால் உதட்டை அழுத்தி, விட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். திரும்பவில்லை.

"கண்ணு மங்கலா தெரியுதா?"

"இல்ல டாக்டர்."

"தப்பிச்சே. சில நேரம் இந்த ஜெல் கண்ணுக்குப் போற குழாய்க்குள்ள போயிரும். பார்வை போனா திரும்பாது. உனக்கு உதட்டுக்குப் போற குழாயை அடைச்சிருக்கு. அது சரி, இது என்ன மண்ணு?" என்றவர் அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, ஊசி குத்துன இடத்துல புத்துமண்ணைப் பூசலாமா?"

"நான் பூசலை டாக்டரம்மா" என்றாள் அம்மா. "மைக்ரோபயாலஜி படிச்சவ பூசியிருக்கா."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டம் ரத்தானது.

பிறகு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன மருந்துன்னு யாருக்காவது தெரியுமா?"

"ஆன்லைன்ல நாலே முக்கால் ஸ்டார் டாக்டர்" என்றேன்.

"கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. உள்ள போனது நான் நினைக்கிற ஜெல்லா இருந்தாத்தான் அது கரைக்கும். வேற எதையாவது அடைச்சு வித்திருந்தான்னா கரையாது. போட்டுப் பாப்போம்."

போட்டுப் பார்த்தார். ஒன்றல்ல, பல. ஃபில்லருக்கு அழுதது எல்லாம் ஒத்திகை என்று தெரிந்தது. அம்மா வெந்நீரில் துணியை நனைத்து உதட்டில் ஒத்திக்கொண்டே இருந்தாள். ஐஸ் வைக்கவே கூடாதாம். டாக்டர் ஒரு மணி நேரம் பொறுத்து வந்து அழுத்திப் பார்த்தார். வெள்ளை அப்படியே இருந்தது. மறுபடியும் ஊசி. அப்பா வராந்தாவில் நடந்த நடைக்குச் சங்கரன்கோவிலுக்கே திரும்பிப் போயிருக்கலாம்.

மூன்றாவது தடவை அழுத்தி விட்டபோது, விரல் பட்ட இடத்தில் மெதுவாக ஒரு சிவப்பு ஊறி வந்தது. டாக்டர் இன்னொரு முறை அழுத்தினார். இன்னொரு முறை ஊறியது.

"கயிறு அவுந்துட்டு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அதுவரை வராத அழுகை முழுவதையும் அங்கேயே அழுது முடித்தாள்.

நிச்சயதார்த்த ஆல்பத்தில் நான் எல்லாப் படத்திலும் இருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தாம்பூலத் தட்டை மூக்குவரை தூக்கிப் பிடித்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டில், பெண்ணின் தங்கச்சி ரொம்ப மரியாதை தெரிந்தவள் என்று பேசிக்கொண்டார்களாம். மாரியக்கா சான்றிதழைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் காலண்டர் மாட்டிவிட்டாள். எனக்கு இடது ஓரத்தில் சின்னதாக ஒரு தழும்பு. கோடு பழையபடி கோடாகவே இருக்கிறது.

அம்மா உரு போடுவதாக நேர்ந்திருந்தாள். எங்கள் கோயிலில் உடம்பில் எந்த இடத்தில் நோவு வந்ததோ, அந்த உறுப்பின் உருவத்தைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். கடையில் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது, பாம்பும் தேளும்கூட இருந்தன. உதடு இல்லை.

"உதட்டுக்கு யாரும் வந்து கேட்டதில்லையேம்மா" என்றார் கடைக்கார அண்ணாச்சி. "முகம் இருக்கு, தரட்டுமா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முழு முகத்தைப் போட்டா, இவ முழு முகத்தையும் மாத்தலாம்னு நெனச்சிருவா அண்ணாச்சி." கடைசியில் முகம்தான் வாங்கினோம். போடுவதற்கு முன் அம்மா உதடு இருக்கும் இடத்தில் குங்குமத்தால் ஒரு கோடு இழுத்தாள். மெல்லிய கோடு. அப்பாவுடையது மாதிரியே.

போன மாதம் முடி வளர ஒரு சீரம் ஆர்டர் போட்டிருந்தேன். கூரியர்காரர் வாசலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் எழுந்து போவதற்குள் அம்மா பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போறே?"

"கோயில் வாசலுக்கு. தலை உரு தனியாக் கெடைக்குமான்னு கேட்டு வச்சிட்டு வாரேன்."