குண்டு பெருசு, ஊசி சிறுசு

ஒன்றும் தெரியாதவரைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர் பாட்டுக்கு இருப்பார். எல்லாம் தெரிந்தவரைப் பற்றியும் கவலை வேண்டாம், அப்படி ஒருவர் நம் சேலம் ஜில்லாவில் இல்லை. இவர்களுக்கு நடுவே, பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, அது செரிக்காமல் ஊரெல்லாம் ஏப்பம் விட்டுக்கொண்டு திரிகிற ஒரு இனம் இருக்கிறது. விளக்கம் சொல்கிறவர் என்று பெயர். யாரும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் தும்மினால் போதும், "அதாவது..." என்று தொடங்கிவிடுவார்.

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் மருதாசலம் வாத்தியார். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர் ஹைஸ்கூலில் சயன்ஸ் அவர் கையில் இருந்தது. உலகச் சண்டை முடிகிற வரைக்கும் அவர் வகுப்பில் அணு மிகவும் மரியாதையாக நடந்துகொண்டது. "அணுவைப் பிளக்க முடியாது, எழுதிக்கொள்" என்பார். ஏன் முடியாது என்று எவனாவது கேட்டுவிட்டால் கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் விளக்குவார். அப்புறம் நாற்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் ஜப்பானில் இரண்டு பட்டணங்கள் சாம்பலான சேதி பத்திரிகையில் வந்தது. அணுவைப் பிளந்துவிட்டார்கள். வாத்தியார் கொஞ்சமாவது திகைத்தாரா? மறுநாள் காலை பஸ் நிற்கிற இடத்தில் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

அன்றிலிருந்து கோட்டுப் பையில் சாக்கட்டி ஏறியது. கறிக்கடைச் சுவர், பஸ்ஸின் முதுகு, பஞ்சாயத்துக் கிணற்றுத் தொட்டி என்று கண்ட இடத்திலெல்லாம் நடுவில் ஒரு புள்ளி வைப்பார், அது கரு. சுற்றிலும் வட்டம் இழுப்பார், அதில் எலெக்ட்ரான் ஓடும். பிறகு ரேடியம் என்று ஒரு உலோகம், அது தானாகவே கதிர் கக்கும், ஆல்பாக் கதிரை ஒரு காகிதம் தடுத்துவிடும், பீட்டாவுக்கு அலுமினியத் தகடு வேண்டும், காமாவுக்குக் கனமான ஈயம்தான் என்று, கறி வாங்க வந்தவர்கள் கறி வாங்காமலே திரும்புகிற வரைக்கும் சொல்லுவார். தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சரிதான். விளக்கம் சொல்கிறவரிடம் உள்ள ஆபத்தே அதுதான், முக்கால்வாசி சரியாகச் சொல்லித் தொலைப்பார். மிச்சக் கால்வாசியைக் கேட்கிறவர் தலையில் கட்டிவிடுவார்.

இப்படி ஒரு தலை பாவாயியுடையது.

பாவாயியைத் தெரியாதவர்கள் ஓமலூர் வரைக்கும் எந்த மாட்டுச் சந்தையிலும் கிடையாது. தரகர்கள் துண்டுக்கடியில் ஒருவன் விரலை ஒருவன் பிடித்து ரகசியமாக விலை பேசிக்கொண்டிருக்கையில், இவள் பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க, இந்தக் கெடாரிக்குப் பல்லு பாத்தீங்களா, இல்ல விரல மட்டுந்தான் பாத்தீங்களா?" என்பாள். சந்தையே சிரிக்கும். விலை விழும், இவள் வாங்கிவிடுவாள். அவள் புருஷன் தீர்த்தகிரி மாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவதோடு சரி. அந்தக் குடும்பத்தின் பிழைப்பு அவள் நாக்கில் இருந்தது.

புரட்டாசியில் அந்த நாக்கின் ஓரத்தில் புண் வந்தது. புகையிலைப் பழக்கம். சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு, இது சாதாரணப் புண் இல்லை, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ரேடிய ஊசி குத்தி வைப்பார்கள், ஆறிவிடும், உடனே போங்கள் என்றார். தீர்த்தகிரி மாரியம்மன் கோயிலில் பூ கேட்டான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் அம்மன் காலடியில் வைத்து எடுத்ததில் வெள்ளைப் பூ வந்தது. போகலாம் என்று அர்த்தம். டாக்டரும் சரி என்றார், அம்மனும் சரி என்றாள். துணிமூட்டை கட்டி பஸ்ஸுக்கு வந்தார்கள். அங்கேதான் வாத்தியார் நின்றார்.

"எங்க தீர்த்தகிரி, மூட்டையோட?"

"மெட்ராசுக்குங்க. ஊட்டுக்காரிக்கு ரேடியம் வெக்கோணுமுங்களாம்."

"ரேடியமா? இங்க பாரு சாமி. அதாவது, ஜப்பான்காரன் ஊர எரிச்சுதே, அதும் இதும் ஒரே வகைதான். அது குண்டு, பெருசு. இது ஊசி, சிறுசு. காமாக் கதிர் நாக்கோட நிக்கும்னு நெனைக்கறயா? ஈயத்துலயே பூந்து வாரது, எலும்பு எம்மாத்திரம்?"

தீர்த்தகிரி மூட்டையைக் கீழே வைத்தான். "ஆத்தா வெள்ளப் பூ குடுத்துட்டாங்களேங்க?"

"ஆத்தாளுக்கு ரேடியத்தப் பத்தி என்ன தெரியும்?"

பாவாயி விடவில்லை. "ஏனுங்க வாத்தியாரே, நீங்க அந்த ரேடியத்தக் கண்ணுல பாத்திருக்கறீங்களா?"

"அணுவ ஆரும் கண்ணுல பாத்ததில்ல. அதனாலதான் படிச்சவன் சொல்றதக் கேக்கோணும்."

சந்தையில் அவள் வாயை அடைத்தவர் யாரும் இல்லை, அணு அடைத்துவிட்டது. பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று. வாத்தியார் பெருமையோடு பஸ் இருந்த இடத்துப் புழுதியில் குச்சியால் ஒரு கரு வரைந்தார்.

புண்ணுக்குக் கடுக்காய் அரைத்துப் போட்டார்கள். பச்சிலை போட்டார்கள். தை பிறந்தபோது கழுத்தில் கழலை உருண்டது. அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை, புருஷனை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள். மெட்ராஸ் டாக்டர் தீர்த்தகிரியைத் திட்டினாராம். புரட்டாசியிலேயே வந்திருந்தால் ஊசியோடு போயிருக்கும், இப்போது பாதி நாக்கை அறுத்துவிட்டுத்தான் ரேடியம் வைக்கவேண்டும் என்றாராம். அப்படியே செய்தார். பிழைத்தாள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

வைகாசியில் அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வாத்தியார் அதே இடத்தில்தான் இருந்தார். ஓடி வந்தார். "பாத்தீங்களா ரேடியத்தோட மகிமைய? அதாவது, கெட்ட சதைய மட்டும் காமாக் கதிர் தேடிப்போய்க் கொல்லும். நான் அப்பவே சொன்னேன். இல்லியா பாவாயி, நீயே சொல்லு."

பாவாயி வாயைத் திறந்து காட்டினாள். கூட்டம் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. வாத்தியாரும் பார்த்தார். பார்த்துவிட்டு பீட்டாக் கதிருக்குப் போய்விட்டார்.

இப்போதும் அவள் சந்தைக்கு வருகிறாள். தீர்த்தகிரியின் துண்டுக்கடியில் அவன் விரலைப் பிடித்து அமுக்கிச் சொல்கிறாள், அவன் அந்த விலையைத் திக்கித் திக்கிக் கேட்கிறான். யாரும் சிரிப்பதில்லை, விலையும் விழுவதில்லை.

நீங்கள் சிரித்தீர்கள், இல்லையா? வாத்தியாரைப் பார்த்துத்தான், தெரியும். ஆனால் இதைப் படித்ததில் ஆல்பா, பீட்டா, காமா, ரேடிய ஊசி எல்லாம் உங்களுக்கும் கொஞ்சம் புரிந்திருக்குமே. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? அவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? "அதாவது" என்று நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டதா?

உங்களுக்கு அது முழுசாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள்.