கன்னம் நசுங்கிய பால் டின்

“என் பிள்ளை வாயில் கம்பெனிப் பால் ஒரு சொட்டு இறங்கினால் என் பெயர் பூலோகம் இல்லை!”

நாற்பத்தைந்து வயதில் பிறந்த முதல் பிள்ளை. பிறந்த அன்றே தாராவிச் சந்து முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டார். சும்மாவா? ஆஸ்பத்திரி வாசலில் இலவசப் பால்பவுடர் டின் கொடுத்த கம்பெனியை எதிர்த்து இருபது வருஷத்துக்கு முன்பே நோட்டீஸ் அடித்தவர். அந்த நோட்டீஸில் பக்கோடா மடித்துத் தின்றவர்களெல்லாம் இன்று தலைவர்கள்.

அறிவித்த நாளிலிருந்தே சந்தேகம். பிரசவத்துக்குத் துணையாக வந்த மாமியார் திருநெல்வேலிக்கு ரயில் ஏறியதும் அது முற்றியது. அடுப்படியை மோந்து பார்த்தார். மனைவி மாரிசெல்வியின் பையைத் தடவிப் பார்த்தார். நாற்பதாம் நாள் அகப்பட்டது. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு நீல டின். மேலே சிரிக்கும் குழந்தைப் படம். அதன் கன்னம் நசுங்கியிருந்தது.

தொடவில்லை. தடயத்தைத் தொடக் கூடாது. மறுநாள் டின் பரணில் இருந்தது. அதற்கடுத்த நாள் தொட்டிலுக்கு அடியில். இடம் மாறுகிறது என்றால் உபயோகத்தில் இருக்கிறது! பூலோகம் பொங்கி எழுந்தார்.

“ஏட்டி, இது என்ன?”

“டின்னு.”

“அது தெரியுது. எதுக்கு?”

“சும்மா காலிபீலின்னு சத்தம் போடாதீய, பிள்ளை முழிச்சிரும். விடியக்காலம் தண்ணி பிடிக்கேன், சோறு பொங்குதேன், துணி துவைக்கேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை உக்காந்து பால் குடுக்க எனக்கு எங்க நேரம்?”

“அதுக்காகக் கம்பெனி கால்ல விழணுமா?”

“அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

கூப்பிட்டு வைத்தது போல, சுகாதார ஊழியர் சேசம்மாள் தராசோடு உள்ளே வந்தார். பிள்ளையை எடை போட்டார்.

“எடை நல்லா கூடியிருக்கு அண்ணாச்சி. பால் போதலைன்னு டாக்டர் சொன்னா டின்னு குடுக்கதும் தப்பில்ல, யாரையும் ஏசக் கூடாது. ஆனா இவளுக்குப் பாலுக்குக் குறைச்சல் இல்ல, தூக்கத்துக்குத்தான் குறைச்சல். நேரத்துக்குச் சாப்பிட்டு உறங்குனாள்னா டின்னு எதுக்கு?”

பேச்சுவார்த்தை என்றால் பூலோகத்துக்குப் பாயசம் குடிப்பது மாதிரி. அந்தப் பழைய நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்திலேயே ஒப்பந்தம் எழுதினார். டின் உடனே வெளியேற வேண்டும். ஈடாகத் தண்ணீர், சமையல், துணி மூன்றும் நிர்வாகத்தின் பொறுப்பு.

“நிர்வாகம்னா யாரு?” என்றாள் மாரிசெல்வி, ஒன்றும் தெரியாதவள் போல.

“இந்த வீட்டுல என்னைத் தவிர வேற யாருட்டி?”

மார்தட்டிக் கையெழுத்துப் போட்டார். சேசம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டின்னைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை ஐந்து மணி, குழாயடி. இரண்டு குடங்களோடு நின்ற வெற்றி வீரருக்கு மறுபடியும் சந்தேகம். பெண்கள் நிற்கும் வரிசையில் நாலு ஆண்கள். நாலு பேர் வீட்டிலும் கைக்குழந்தை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

முன்னால் நின்ற ஜோன்ஸ் மெல்லத் திரும்பினான்.

“என்ன அண்ணாச்சி, உங்க வீட்டுக்கும் வந்துருச்சா, அந்தக் கன்னம் நசுங்குன காலி டின்னு?”