ஆறு சனிக்கிழமை டொக்டர்

வெள்ளவத்தையில் டொக்டர்களுக்குப் பஞ்சமில்லை. காலி வீதியில் ஒரு பஸ் தரிப்பிடத்திலிருந்து அடுத்த தரிப்பிடத்துக்கு நடப்பதற்குள் பல், கண், தோல், சீனி வருத்தம் என்று நாலு பெயர்ப்பலகைகளைத் தாண்டிவிடலாம். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத டொக்டர் ஒருவரும் அதே வீதியில் நடமாடுகிறார். அவருக்குக் கட்டணம் கிடையாது, நம்பர் எடுக்க வேண்டியதில்லை, நீங்கள் தேடிப் போகவும் வேண்டாம், அவரே வந்துவிடுவார். லிஃப்டில் வருவார், மீன்காரனின் தராசுக்குப் பக்கத்தில் வருவார், செத்த வீட்டில் பெட்டிக்கு அருகில் நின்றுகொண்டு, போனவரின் எந்த உறுப்பு எத்தனை மணிக்குக் கைவிட்டிருக்கும் என்று, அழுதுகொண்டிருக்கும் மகளைப் பிடித்து நிறுத்தி விளக்குவார். அப்படி என்ன படித்துவிட்டார் என்று கேட்கிறீர்களா? மனித உயிரியலும் உடற்கூற்றியலும், அறிமுகப் பாடம். மொத்தம் இருபது சனிக்கிழமைகள். அதில் ஆறு முடிந்திருக்கிறது.

இந்த இனத்தில் பழுதில்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால் தயாபரனைப் பாருங்கள். வயது ஐம்பத்து மூன்று. கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் கிளார்க். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் வீடு. சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தவரை, எங்கேயாவது போய் ஏதாவது படியுங்கோ என்று துரத்தியது அவர் மனைவி யோகேஸ்வரிதான். அதற்காக அவர் பிறகு வருந்தாத நாளில்லை.

வகுப்பு கொட்டாஞ்சேனையில், ஒரு சமுதாயக் கல்லூரியின் மேல்மாடியில். கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அடுத்த வருடம் வெளிநாட்டில் முதியோரைப் பராமரிக்கப் போகிறவர்கள், அங்கே ஒரு கிழவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது எங்கே பிடித்தால் எலும்பு முறியாது என்று தெரிய வேண்டியவர்கள். அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தயாபரன் எழுதவில்லை. அவருக்கு உடம்பைப் பற்றி அறியும் ஆசை கொஞ்சம்தான், அறிந்தவராகத் தெரியும் ஆசைதான் பெரிது. முதல் வாரமே புறக்கோட்டைக்குப் போய் ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கினார். கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ்ஸில் போனார், வந்தார், வரும் வழியில் பாணும் வாங்கினார்.

இரண்டாம் சனிக்கிழமை எலும்புகள். அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் கை இருக்கவில்லை, கால் இருக்கவில்லை. யோகேஸ்வரிக்குத் தோள் உளைந்தால் அது ஸ்கெப்பியூலா. எதிர்வீட்டுப் பலீலா பெருநாளுக்கு அனுப்பிய பிரியாணியில் கிடைத்த எலும்பை வெளிச்சத்தில் பிடித்து, இது ஃபீமர், மேல் முனையைப் பாருங்கோ, என்று மேசையில் இருந்தவர்களுக்குக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் இறைச்சியைத் தொடவில்லை. நான்காம் சனிக்கிழமை இதயம். அன்று முதல் மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிற எவரையும் அவர் சும்மா போகவிடவில்லை.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? மிகவும் சுலபம். “நான் டொக்டர் இல்லை” என்று தொடங்குவார்கள். உண்மையான டொக்டர் ஒருவர் என்றைக்காவது அப்படித் தொடங்கிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த வசனத்தில் அடக்கம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அதற்கு அடுத்து ஓர் “ஆனா” வரும். அந்த “ஆனா” வந்தவுடன் எழும்பி வீட்டுக்குப் போய்விடுவது உடம்புக்கு நல்லது.

ஆறாம் சனிக்கிழமை சமிபாட்டுத் தொகுதி. அன்று மாலை தயாபரன் ஆளுயரப் படம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஹோலில் கலியாணப் படம் தொங்கிய ஆணியில் மாட்டினார். தோல் உரிக்கப்பட்டு, வயிறு திறந்து, குடல் முழுவதும் தெரிய, ஆனாலும் கையை விரித்து மரியாதையாக நிற்கும் ஓர் ஆள்.

“சாப்பிடுற இடத்தில உது வேண்டாமப்பா,” என்றார் யோகேஸ்வரி.

“சாப்பிடுறது எங்க போகுதெண்டு தெரிய வேண்டாமே?”

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குப் பலீலா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளையும் தாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மகள் அர்பாவுக்குப் பதினாறு வயது, ஓ.எல். பரீட்சை எழுத இன்னும் இரண்டு கிழமை. கணவர் வியாபார விஷயமாகக் கண்டிக்குப் போயிருந்தார். வாசலில் பேப்பர் எடுக்க வந்த தயாபரன் நின்றுகொண்டிருந்தார்.

“எங்க பலீலா, இந்த நேரத்தில?”

“அர்பாக்கு வகுத்து நோவு, தயா அண்ணன். சுபஹுத் தொழுகைக்கு முந்தியே தொடங்கினது. ரெண்டு தரம் சத்தியும் எடுத்திட்டா. ஹொஸ்பிட்டல்ல காட்டிட்டு வாரதுக்குத்தான்.”

“நான் டொக்டர் இல்லை,” என்றார் தயாபரன். “ஆனா பிள்ளையை ஒருக்கா உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். எங்கே நோகிறது என்று கேட்டார். முதலில் தொப்புளடியில் தொடங்கி இப்போது இங்கே என்று, அர்பா வலப்பக்கம் அடிவயிற்றில் கையை வைத்தாள். அவர் படத்தின் பக்கம் திரும்பினார். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புழுப்போலத் தொங்கும் குடல்வாலைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை வைத்தார். விரல் இருந்தது அவருடைய இடக்கைப் பக்கம். அவ்வளவுதான், முடிவு வந்துவிட்டது.

“அப்பெண்டிக்ஸ் இடப்பக்கம். பிள்ளைக்கு நோகிறது வலப்பக்கம். அப்ப அது இல்லை. இது வெறும் வாய்வு.”

படத்தில் இருக்கும் ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறார். எதிரே நிற்பவரின் வலக்கை நம்முடைய இடக்கைப் பக்கம் இருக்கும் என்பது, வாழ்க்கையில் ஒருமுறையாவது இன்னொருவரோடு கைகுலுக்கியவருக்குத் தெரியும். உடற்கூற்றியலில் முதலில் சொல்லித்தருவதும் அதைத்தான்: வலம், இடம் எல்லாம் படத்தில் இருப்பவருடையவை, பார்ப்பவருடையவை அல்ல. ஆசிரியை டோரின் மிஸ் அதை முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடத்திலேயே சொன்னார். அந்தப் பத்து நிமிடமும் தயாபரன், வகுப்பிலிருந்த பிளாஸ்டிக் உடலின் தோளில் கைபோட்டு எடுத்த படத்தை மாடிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அர்பா குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள்: “அங்கிள், சயன்ஸ் புக்ல வலது பக்கமெண்டுதான் ஈக்குது.”

“அது ஸ்கூல் சயன்ஸ், பிள்ளை. இது கொலேஜ்.”

உங்களுக்கு இந்த இடத்தில் கோபம் வந்தால் நல்லது. வலியில் முறுகிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளை சரியான விடையைச் சொல்கிறது, அதற்கு மதிப்புக் குறைவு, ஏனென்றால் அதனிடம் வெள்ளைக் கோட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் தேவையில்லாத டெஸ்ட்டெல்லாம் எழுதுவார்கள் என்றார் தயாபரன். இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொடுக்கச் சொன்னார், இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். பலீலா படத்தைப் பார்த்தார், அதிலிருந்து இன்னும் எடுக்காமல் இருந்த விரலைப் பார்த்தார், தோளிலிருந்து கைப்பையைக் கழற்றினார்.

இரண்டு மணிக்குள் தயாபரன் மூன்று தரம் எதிர்வீட்டுக்குப் போய்வந்தார். ஒவ்வொரு தரமும் முன்னைவிடச் சந்தோஷமாக வந்தார். பகல் காய்ச்சல் காய்ந்தது. காய்ச்சல் நல்லது, உடம்பு போராடுது, என்றார். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருந்த அர்பா, நோவு சடாரென்று குறைந்துவிட்டது என்றாள். தயாபரன் கையைத் தட்டினார். யோகேஸ்வரியைக் கூப்பிட்டு, வந்து பாரும், வாய்வு போயிட்டுது, என்று வெற்றியைக் காட்டினார்.

யோகேஸ்வரி எந்த வகுப்புக்கும் போகாதவர். அதனால் அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். உதடு வெளிறி, முழங்காலை மடக்கி, கண்ணைத் திறக்கப் பயந்து கிடந்தாள். அவர் போனை எடுத்து ஓட்டோ ஒன்றுக்குச் சொன்னார். வாசலில் நின்ற கணவரிடம், “நீங்கள் டொக்டர் இல்லையெண்டு நீங்களே சொல்லுறனீங்கள்தானே. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ,” என்றார். கீழே ஓட்டோக்காரனிடம் “மல்லி, இக்மனட்ட யமு” என்று அவர் சிங்களத்தில் அவசரப்படுத்தியது நாலாம் மாடிவரை கேட்டது.

குடல்வால் வெடித்திருந்தது. வலி நின்றது அதனால்தான். அன்று மாலையே வயிற்றைத் திறந்து கழுவினார்கள். காலையில் கொண்டுவந்திருந்தால் மூன்று நாளில் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று வார்டிலிருந்த, தமிழ் தெரிந்த இளம் டொக்டர் சொன்னார். பதினெட்டு நாள் இருந்தாள். பரீட்சையின் முதல் மூன்று பாடங்களும் அவள் இல்லாமல் நடந்தன. அதில் ஒன்று விஞ்ஞானம்.

தயாபரன் என்ன செய்தார்? முதல் இரண்டு நாளும் லிஃப்டில் ஏறவில்லை, பலீலாவின் கணவரைச் சந்திக்கப் பயந்து படிகளால் ஏறி இறங்கினார். நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தது, சோறு இறங்கவில்லை. அது குற்ற உணர்ச்சி. ஆறு சனிக்கிழமைகளில் அதைப் பற்றி எதுவும் சொல்லித்தரவில்லையாதலால் அவர் அதை அமிலச் சுரப்பு என்று முடிவு செய்தார். மூன்றாம் நாள் போனில் தோண்டியபோது ஒரு தகவல் அகப்பட்டது: பல்லாயிரத்தில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் எல்லாம் பக்கம் மாறியிருக்குமாம். பசி திரும்பியது. தோடம்பழம் வாங்கிக்கொண்டு நேரே வார்டுக்குப் போனார்.

“பலீலா, உங்கட மகள் லேசுப்பட்ட ஆள் இல்லை. உலகத்தில எல்லாருக்கும் இடப்பக்கம் இருக்கிறது அர்பாக்கு வலப்பக்கம் இருந்திருக்கு. புத்தகத்திலதான் இப்பிடிக் காணலாம்.”

பலீலாவின் முகம் கறுத்துவிட்டது. அந்தப் பக்கமாக வந்த இளம் டொக்டரை மறித்து, “சேர், அப்பிடியெண்டா மகளுக்கு நெஞ்சும் பக்கம் மாறியா ஈக்கும்?” என்று கேட்டார்.

“யார் சொன்னது?”

“எதிர்வீட்டு டொக்டர்.”

எதிர்வீட்டு டொக்டர் அப்போது தோடம்பழப் பையைக் கட்டிலடியில் வைப்பதற்காகக் குனிந்தார். நிமிராமலே வாசல்வரை போய்விட்டார்.

ஆனால் வகுப்பில் சொல்லாமல் இருக்க முடியுமா? அடுத்த சனிக்கிழமை எழும்பி நின்று, தன் பராமரிப்பில் வந்த அபூர்வமான நோயாளியைப் பற்றி விரிவாகச் சொன்னார். டோரின் மிஸ் நாற்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டார்.

“மிஸ்டர் தயாபரன், இங்க வாங்க. இந்தச் சுவர்ப் படத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. ஆ, இப்ப அவர் பாக்கிற பக்கம்தான் நீங்களும் பாக்குறீங்க. அப்பெண்டிக்ஸில கையை வையுங்க.”

கை பழக்கத்தில் இடப்பக்கம் போனது. பாதியில் நின்றது. தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்தார். பிறகு கை மெதுவாக வலப்பக்கம் வந்து, ஒரு பெண்பிள்ளை கைவைத்துக் காட்டிய அதே இடத்தில் அமர்ந்தது. காது இரண்டும் எரிந்தன. முன் வாங்கில் இருந்த மட்டக்குளிப் பெண் பேர்ணடெற் அவரைப் பார்க்காமல் கொப்பியைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அந்தப் பிள்ளை இப்ப எங்க?”

“வார்டில, மிஸ்.”

“உயிரோடயா?”

“ஓம், மிஸ்.”

“அப்ப போய் இருங்க.”

அந்த வெட்கம் உண்மையானது, அதை மறுக்கக்கூடாது. கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறும்போதும் இருந்தது. புறக்கோட்டை தாண்டும்போது, படத்தில் வலம் இடம் என்று அச்சடித்திருக்க வேண்டாமா என்று தோன்றியது. கொள்ளுப்பிட்டியில் குற்றம் முழுவதும் அச்சகத்தின் மேல் போய்விட்டது. பம்பலப்பிட்டியில் பக்கத்து ஆசனக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்றார். தயாபரன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அவரைத் திருத்த யாராலும் முடியாது, விடுங்கள். உங்களைப் பார்ப்போம். இதை வாசித்து வரும்போது உங்கள் கை ஒருமுறை அடிவயிற்றுப் பக்கம் போய் வலமா இடமா என்று பார்த்துவிட்டு வந்ததுதானே? குடல்வால் எந்தப் பக்கம், நோவு சடாரென்று நின்றால் ஏன் பயப்பட வேண்டும், எல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதை வீட்டில் யாருக்கு விளக்கலாம் என்றும் ஏற்கெனவே ஆள் பார்த்து வைத்திருப்பீர்கள். தயாபரனாவது அர்பாவுக்கு வைத்தியம் சொல்லுமுன் ஆறு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனவர். நீங்கள் இருந்த இடத்தைவிட்டு எழும்பக்கூட இல்லை.