தலையாட்டும் ஷீல்டு சார்

நம் கையில் எதையாவது திணித்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு பிறந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். விருந்துக்குக் கூப்பிடும் உறவினர்களைச் சொல்லவில்லை. நான் சொல்வது பரிசளிப்பாளர் என்னும் இனத்தை. உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். ஒருவன் கொட்டும் மழையில் நனைந்துகொண்டே வேலைக்கு வந்து நிற்கிறான் என்றால் நீங்களும் நானும் துண்டு எடுத்துக் கொடுப்போம். இவர் கொடுக்க மாட்டார். கண்கள் கலங்க அவனையே பார்த்துவிட்டு, "இவருக்கு ஏதாவது செய்யணுமே" என்பார். அந்த 'ஏதாவது' துண்டாக இருக்காது. பீடம் வைத்து, பெயர் பொறித்து, தூசி தட்டித் தட்டி வைப்பதைத் தவிர வேறு எதற்கும் ஆகாத ஒரு பொருளாக இருக்கும்.

எங்கள் பார்சல் கம்பெனியின் கிளை மேலாளர் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. ஆரம்பத்தில் மரப்பலகையில் பித்தளை பதித்த ஷீல்டுகளாகக் கொடுத்துத் தள்ளியதால் அவருக்கு ஷீல்டு சார் என்று பெயர் வந்தது. கொடுக்கும் விதத்திலும் ஒரு நியதி உண்டு. பொருளை நம் கையில் பாதிதான் தருவார். வாங்கியாயிற்று என்று இழுத்தால் விடமாட்டார். செல்போனில் படம் எடுப்பவர் "ஆச்சு சார்" என்று சொல்லும்வரை, ஒரே சொத்துக்கு வழக்காடும் பங்காளிகள் நீதிபதி முன்னால் சிரிப்பதுபோல் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்து நிற்க வேண்டும்.

வீட்டிலும் அப்படித்தான். ஒரு திருமண நாளில் மனைவிக்குக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று கொடுத்தாராம். அதில் 'இவ்வாண்டின் சிறந்த துணைவி' என்று பொறித்திருந்தது. அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன வருஷம் யாருங்க?" என்று மட்டும் கேட்டாராம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவர் கண்ணில் ஒருநாள் அந்த விளம்பரம் பட்டது. புகைப்படம் அனுப்பினால் போதும், அந்த ஆளை அப்படியே சாண் உயரப் பொம்மையாகச் செய்து அனுப்புவார்கள். கழுத்தில் ஸ்பிரிங். தட்டினால் தலை ஆடும். அன்று மதியம் ஷீல்டு சார் சாப்பிடவில்லை.

முதல் பொம்மை லோடிங் மேஸ்திரிக்குப் போனது. பட்டப்பெயர் 'மாதத்தின் மாணிக்கம்'. மேஸ்திரிக்குத் தலையில் முடி உதிர்ந்து வெகுகாலம் ஆகிறது. பொம்மை செய்தவர்கள் பெரிய மனசோடு சுருட்டை முடி வைத்து அனுப்பியிருந்தார்கள். மறுநாள் மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்தார்.

"வீட்ல இது யாருன்னு கேக்கறாங்க சார்."

"நீங்கதான்னு சொல்லுங்க."

"சொன்னேன் சார். நம்பல."

ஆனால் அவர் அதைத் திருப்பித் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத நேரத்தில் அந்தச் சுருட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த மாணிக்கம் பேக்கிங் அக்கா. ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்து இழுத்து, பேசிக்கொண்டே பெட்டி கட்டுகிறவர். மகளுக்குப் பிரசவம், பக்கத்தில் இருக்க வேண்டும், பத்து நாள் லீவு வேண்டும் என்று கேட்கப் போனார். ஷீல்டு சார் அவருடைய பழைய வருகைக் கணக்கைப் புரட்டினார். அங்கேதான் வினை வந்தது.

"என்னம்மா இது, நீங்க லீவே எடுத்ததில்லையே" என்றார், குரல் தழுதழுக்க. "உங்களுக்கு ஏதாவது செய்யணும்."

"லீவு குடுத்தா போதும் சார்."

போதுமா? அது எப்படிப் போதும்? அடுத்த வாரம் மொத்தக் கிளையும் கூடிக் காகிதக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது 'ஓய்வறியா மங்கை' என்ற பட்டத்தோடு அக்காவின் பொம்மை அக்காவிடமே வழங்கப்பட்டது. ஓய்வறியா மங்கைக்கு லீவு கொடுத்தால் பட்டம் என்ன ஆவது என்று சாருக்கு உண்மையாகவே ஒரு தர்மசங்கடம். அக்கா பொம்மையை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார். அது தலையை ஆட்டியது.

"இது ஆட்டி எனக்கு என்ன சார் ஆகப்போகுது? நீங்க ஒரு தடவ ஆட்டுங்க, நான் பொண்ணு வீட்டுக்குக் கெளம்பறேன்."

எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார், கையெழுத்தும் போட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்கா போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்தார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். இந்த இனத்துக்கு முடிவு தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வேன் டிரைவர், சாமான் இறக்கும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்தார். முழங்கால் சில்லு உடைந்தது. கம்பெனி கொடுத்தது ஆஸ்பத்திரிச் செலவில் பாதிக்குத்தான் வந்தது. மீதியை நாமே சேர்த்துவிடலாம் என்று மெக்கானிக்கும் மேஸ்திரியும் நானும் சார் அறைக்குப் போனோம். மெக்கானிக் பேசத் தெரியாதவர். நேராகச் சட்டைப் பையில் கையை விட்டார்.

"கைய எடுங்க" என்றார் சார். "சும்மா காசு குடுத்தா அது பிச்சை மாதிரி ஆயிடும். குடுக்கறவங்க கைக்கும் ஒரு நினைவு போய்ச் சேரணும்."

"எங்களுக்கு நினைவு இருக்கு சார்" என்றார் மெக்கானிக்.

சார் கேட்கவில்லை. அவருக்குத் திட்டம் உருவாகிவிட்டிருந்தது. நன்கொடை தருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை. எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புவது. ஐந்து வண்ணத்தில் செய்வது. ஐந்தையும் சேர்த்தவருக்கு ஆறாவதாகப் பொன்வண்ணத்தில் ஒன்று. யாருடைய பொம்மை என்ற கேள்வி வந்தது. டிரைவர் படம் என்று பார்த்தால் உரிமத்தில் ஒட்டிய படம்தான், அதில் அவரைப் பார்த்தால் பயமாக இருக்கும். தெளிவாக, சிரித்த முகமாக, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் எங்கள் கிளையிலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. பரிசு கொடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அவர் இருந்தார் அல்லவா?

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். யார் வேண்டும் என்று சொன்னது என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை.

முன்பணத்தைத் தன் கையிலிருந்தே கட்டினார். பொம்மைகள் கிளம்பிவிட்டன என்று தகவலும் வந்தது. பிறகு காணோம். பார்சல் கம்பெனிக்கு வர வேண்டிய பார்சல், அதுவும் எங்கள் கம்பெனி லாரியிலேயே ஏறிய பார்சல், ஏதோ ஒரு கிளைக்குத் தவறிப் போய்விட்டது. பொருள் வராத வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் சொல்லும் அத்தனை சமாதானங்களையும் சார் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "வழியில இருக்கு சார்" என்றார்களாம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

அதற்குள் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். டிரைவரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பில் போடும் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொம்ம வந்துடுச்சாங்க?"

நான் சார் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சார் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"வழியில இருக்கும்மா. ரெண்டு நாள்ல..."

"அவரு வலி தாங்காம பல்லக் கடிச்சிட்டுப் படுத்திருக்காரு சார். எனக்குப் பொம்மயப் பத்தி ஒண்ணும் தெரியல. அது வந்தாத்தான் காசுன்னு சொன்னாங்க, அதான் கேட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேக்கிங் அக்கா எழுந்தார். ஒரு காலி அட்டைப் பெட்டியை எடுத்து, அடிப்பக்கம் டேப் ஒட்டி, மேசை நடுவில் வைத்தார். தன் சுருக்குப் பையைத் திறந்து அதில் கவிழ்த்தார். மெக்கானிக்கின் கை இந்தத் தடவை பையிலிருந்து நிறைவாகவே வெளியே வந்தது. மேஸ்திரி போட்டார், நான் போட்டேன், சாமான் வாங்க வந்திருந்த யாரோ ஒரு கடைக்காரர்கூட என்ன ஏதென்று கேட்டுவிட்டுப் போட்டார். யாருக்கும் யாரும் ஒன்றும் திருப்பித் தரவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை.

ஷீல்டு சார் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. பிறகு உள்ளே போய் ஒரு உறையோடு வந்து, பெட்டிக்குள் வைத்தார். ஏதோ பேசப் போகிறார் என்று நாங்கள் பழக்கத்தில் நிமிர்ந்து நின்றோம். பேசவில்லை. பெட்டியை மூடி, டிரைவரின் மனைவியைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பணம் கட்டும் வரிசையிலும் அவரே நின்றார் என்று அந்த அம்மாள் பிறகு சொன்னார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம் பொம்மைகள் வந்தன. அறை முழுக்க ஷீல்டு சார், ஐந்து வண்ணத்தில். வாங்க ஆளில்லை. ஆளுக்கு நாலு எடுத்துக்கொண்டோம். காற்றில் பறக்கும் ரசீதுகள்மேல் ஒன்று, கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒன்று. சீக்கிரமே இன்னொரு உபயோகமும் பிடிபட்டது. லீவு வேண்டியவர்கள் சாரிடம் போகுமுன் அவர் பொம்மையிடம் கேட்டுப் பழக ஆரம்பித்தார்கள். "சார், நாளைக்கு வரமாட்டேன்." ஒரு தட்டு. "சார், ஓவர்டைம் பணம்?" ஒரு தட்டு. எதற்கும் மறுப்பே இல்லை. ஒருநாள் மேஸ்திரி இப்படிச் சம்பள உயர்வு வாங்கிக்கொண்டிருந்தபோது நிஜ சார் பின்னால் வந்து நின்றுவிட்டார். சார் குனிந்து பொம்மையைப் பார்த்தார். தானும் ஒரு தட்டுத் தட்டினார்.

"தலைமை அலுவலகத்துல இப்படி ஒண்ணு இருந்தா எனக்கும் சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் கம்பு ஊன்றி வேலைக்குத் திரும்பிய அன்று சார் எல்லோரையும் கூப்பிட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிரைவர் கம்பைக் கைமாற்றி, வாங்குவதற்குத் தயாராக வலக்கையை நீட்டிக்கொண்டு நின்றார், பாவம். சார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உயரமான, மெத்தை வைத்த, கால் நீட்ட வசதியுள்ள நாற்காலி. "இனிமே கொஞ்ச நாளைக்கு வண்டி வேணாம். உக்காந்து பார்சலப் பிரிச்சுவிடுங்க, போதும்" என்றார். டிரைவர் உட்கார்ந்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது மனிதர் திருந்திவிட்டார் என்றே நான் முடிவு செய்தேன். பின்பக்கம் போனபோதுதான் தெரிந்தது, நாற்காலி முதுகில் ஒரு பித்தளைத் தகடு. 'மனவுறுதியின் மன்னருக்கு'. போகட்டும். நாற்காலி நல்ல நாற்காலி.

ஆகவே வாசகரே, அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பது சுகம்தான். ஆனால் நேற்று இரவு நடந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "முதுகு வலிக்குது" என்று உங்கள் மனைவி சொன்னார். நீங்கள் உருகிப்போய், "நீ இல்லேன்னா இந்த வீடே இல்ல" என்று மனசாரச் சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு எழுந்து போனீர்கள். பாராட்டு அருமையாகத்தான் இருந்தது. தட்டுகள் இன்னும் தொட்டியிலேயே கிடக்கின்றன.