சம்பளம் வாங்கிய கரடி

கனடாவின் மொன்றியலில் எத்தனையோ கோபக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கரடி அண்ணையின் கோபத்துக்கு முன்னால் அவர்களெல்லாம் வெறும் சிடுமூஞ்சிகள்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் அங்கே பல்கலைக்கழகத்தில் படித்தபடி, அதன் விளையாட்டரங்கில் பகுதிநேரமாக ஜெர்சி துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். வார நாட்களில் சென்ட் லோரன்ட் பகுதியில் கிடங்கு வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் கூடைப்பந்து அணியின் கரடி. அதாவது, கரடி வேஷம் போட்டுக்கொண்டு ஆடுகளத்தைச் சுற்றி ஆட்டம் போடுவார். நாற்பத்தைந்து வயதில் அவர் இடுப்பை அசைத்தால் எதிரணிக்காரர்களே பந்தை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சம்பளப் பட்டியலிலேயே 'கரடி' என்றுதான் இருந்தது என்பார்கள், நான் நம்புகிறேன்.

ஒரு சனிக்கிழமை ஆடிய வேகத்தில் படிக்கட்டில் சறுக்கி, கரடிக்கு மணிக்கட்டு சுளுக்கியது. அலுவலகமே ஓடிவந்தது. வேலையில் அடிபட்டதற்கான படிவம், மருத்துவர், சம்பளத்தோடு ஓய்வு. அதே ஆட்டத்தில் மார்க் என்ற மாணவன் முழங்கால் பிசகி விழுந்தான். அணியின் சிறந்த ஆட்டக்காரன். அரங்க வாசலில் அவன் படம்தான் ஆளுயரத்துக்குத் தொங்கியது. அவனுக்கு ஓர் ஐஸ் பை கொடுத்தார்கள். அதே வாரம் அணியிலிருந்து பெயரை எடுத்தார்கள். விளையாடுவதற்காகக் கொடுத்த படிப்புக் கட்டணச் சலுகையும் அடுத்த பருவத்துக்குக் கிடையாது என்றார்கள்.

ஓய்வு வேண்டாமென்று அடுத்த சனிக்கிழமையே வந்து வேஷம் கட்டிக்கொண்டிருந்த அண்ணையிடம் இதைச் சொன்னேன். கரடித் தலையை மாட்டப் போனவர் அப்படியே நின்றார்.

"உனக்கு உடுப்புத் தோய்க்கச் சம்பளம் தருகினம்தானே?"

"ஆமாண்ணா."

"எனக்கு ஆடச் சம்பளம். டிக்கெட் கிழிக்கிறவனுக்கும் சம்பளம். விளையாடுறவனுக்கு மட்டும் ஐஸ் பையோ? வா தம்பி."

கழுத்துக்குக் கீழே கரடியாகவே விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரின் அறைக்குள் நுழைந்தார். வேலையில் அடிபட்டதற்கான வெற்றுப் படிவம் ஒன்றை மேசையில் வைத்து, மார்க்குக்காகக் கையெழுத்துக் கேட்டார். பொறுப்பாளர் பொறுமையாக விளக்கினார்: மார்க் ஊழியன் அல்ல, மாணவன், விருப்பத்துக்காக விளையாடுகிறான்.

கோபம் வந்தால் அண்ணைக்கு அந்த ஊர்ப் பிரெஞ்சு கழன்றுவிடும். என் பக்கம் திரும்பினார்.

"இதைச் சொல்லு தம்பி. நானும் விரும்பித்தான் ஆடுறன். அதுக்காக என்னை வேலையாள் இல்லையெண்டு சொன்னவையோ? விடிய ஆறு மணிக்கு வா எண்டு அவனுக்குச் சொல்லுறது ஆர்? இவர். என்ன சாப்பிடோணும் எண்டு சொல்லுறது? இவர். படிப்புச் சோதினை கிடக்க, பஸ்ஸிலை ஏத்தி வேறை ஊருக்குக் கொண்டுபோறது? அதுவும் இவர். என்ரை கிடங்கு முதலாளிகூட நான் என்ன சாப்பிடுறன் எண்டு கேக்கிறேல்லை."

கடைசி வரியை மொழிபெயர்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறுப்பாளருக்கு வரவில்லை. விதி அப்படி என்றார்.

அன்று கரடி ஆடவில்லை. ஊன்றுகோலோடு பார்வையாளர் வரிசையில் இருந்த மார்க்கின் பக்கத்தில் போய்க் கைகட்டி உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் கெஞ்சினார்கள். ஒரு சிறுமி அழுதே விட்டாள். கரடி அவள் தலையை வருடிக்கொடுத்துவிட்டு மறுபடியும் கைகட்டிக்கொண்டது.

திங்களன்று வேலைநீக்கக் கடிதம் வந்தது. அதை என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

"பாத்தியே, வேலையாள் எண்டபடியாத்தான் கடிதம் தந்து நிப்பாட்டினவை. அந்தப் பெடியனுக்கு அதுகூட இல்லை."

மார்க்குக்குக் கடைசிவரை எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பை முடித்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க, புதன்தோறும் அவனை முழங்கால் பயிற்சிக்குக் காரில் கூட்டிப்போனது அண்ணைதான். தினமும் கிடங்கில் மாரடித்துவிட்டு இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டை போற வழிதானே தம்பி," என்றார்.

அவர் வீடு வடக்கே, லவாலில். சிகிச்சை நிலையம் நேர் எதிர்த்திசையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.